ரஃப் நோட்டும் ஃபேர் நோட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் நாவல் எழுதுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இளையரசனேந்தலிலிருந்து கிழக்கே போனால் கோவில்பட்டி. அங்கிருந்து தெற்கே போனால் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த கிராமம். இருவருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். பூமணிக்கு 2014-இலும் சோ. தர்மனுக்கு 2019-இலும் அதே விருது கிடைத்தது. அவர்களும் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரம்தான். ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் இத்தனை பேர் எழுதியிருக்கும்போது, நாமும் எழுதிப் பார்த்தால் என்ன என்று நம் பிள்ளைகளுக்குத் தோன்றத்தான் செய்யும். தோன்றட்டும்.

அப்படி எழுதுகிறவர்கள் கையெழுத்துப் பிரதியையோ கம்ப்யூட்டர் பிரிண்டையோ தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், பொழுது போகாமல் இருப்பார், படித்துச் சொல்வார் என்று நினைக்கிறார்கள். நினைப்பதும் சரிதான். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கிற கேள்வி ஒன்று: “சார், வேகமா எழுதி முடிச்சு வெளியிட்டுட்டு அடுத்ததுக்குப் போறது நல்லதா, இல்ல ஒன்னையே திருப்பித் திருப்பி எழுதுறது நல்லதா?”

கேள்வி புதிதல்ல. ஆனால் இப்போது அதற்கு ஒரு அவசரம் வந்திருக்கிறது. செல்போன் செயலிகளில் தினம் ஓர் அத்தியாயம் போடுகிறார்கள். காலையில் எழுதியதற்கு மாலைக்குள் நூறு பேர் பாராட்டு சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1999-இல் சில நண்பர்கள் விளையாட்டுப் போலத் தொடங்கிய ஒரு வழக்கம் உண்டு. ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் நாவல் எழுதிவிட வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1,667 சொற்கள். அதைப் பெரிதாக நடத்திவந்த அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ஆசை மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம்மூரிலும் “முப்பது நாளில் நாவல்” என்று சவால் விட்டு எழுதுகிறார்கள்.

நான் வேகத்துக்கு எதிரி இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கரிசல்காட்டுச் சம்சாரிக்குத் தெரியும், மானாவாரியில் மழை பெய்தால் ஈரம் காயுமுன் விதைத்தாக வேண்டும். “நல்ல நாள் பார்த்து, நல்ல ஏர் பார்த்து விதைக்கிறேன்” என்று உட்கார்ந்திருந்தால் அந்த வருஷம் வெள்ளாமை இல்லை. கதையும் அப்படித்தான். அது மனதில் ஈரமாக இருக்கிறபோது எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தால் ஈரம் போய்விடும்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இருந்தார். நல்ல ரசனை உள்ளவர். அவரும் ஒரு நாவல் எழுதினார். முதல் அத்தியாயத்தைப் பதினோரு முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட நன்றாகத்தான் இருந்தது. அவர் காலமான பிறகு வீட்டில் தேடிப் பார்த்தார்கள். பதினோரு முதல் அத்தியாயங்கள் இருந்தன. இரண்டாம் அத்தியாயம் இல்லை.

ஆகவே வேகம் வேண்டும். சரி, வேகமாக எழுதி நின்றவர்கள் எப்படி நின்றார்கள்?

முதலில் நம் கல்கி. பொன்னியின் செல்வனை 1950-இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகளுக்கு வாராவாரம் எழுதினார். வாரப் பத்திரிகைத் தொடரில் ஒரு கஷ்டம் உண்டு. அச்சான அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்க் கை வைக்க முடியாது. இருபதாம் வாரத்தில் எழுதியது எண்பதாம் வாரத்தில் இடைஞ்சலாக வந்து நின்றால், முன்னால் போய்த்தான் சமாளிக்க வேண்டும். நாவலின் கடைசியில் கல்கி ஒரு முடிவுரை எழுதியிருப்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பாத்திரம் என்ன ஆயிற்று, இந்தப் பாத்திரம் எங்கே போயிற்று என்று வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் அங்கே பதில் சொல்லிக்கொண்டு போகிறார். ஒரு பக்கம் அது வாசகர்கள் அவர் மேல் வைத்திருந்த உரிமை. இன்னொரு பக்கம், கதைக்குள்ளேயே சொல்லி முடிக்க முடியாததை வெளியே நின்று சொல்ல வேண்டிவந்த நிலை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த வேலையைத் தொடங்குமுன் கல்கி பார்த்திபன் கனவை எழுதி முடித்திருந்தார். சிவகாமியின் சபதத்தை எழுதி முடித்திருந்தார். பத்திரிகை ஆசிரியராகப் பல வருஷம் மற்றவர்கள் எழுத்தையும் தன் எழுத்தையும் வெட்டியும் திருத்தியும் பழகிய கை அது. நம் கண்ணுக்குத் தெரிகிற வேகத்துக்கு அடியில் தெரியாத திருத்தம் நிறைய இருந்தது.

இன்னொரு உதாரணம் தஸ்தயேவ்ஸ்கி. வேகம் பேசுகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். 1866-இல் ஒரு பதிப்பாளரிடம் அவர் மாட்டிக்கொண்டார். நவம்பர் முதல் தேதிக்குள் புது நாவல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் பணம் கொடுக்காமலே போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒரு ஒப்பந்தம். அக்டோபர் மாதம் வரை ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் சுருக்கெழுத்து தெரிந்த அன்னா என்ற இளம்பெண்ணை அமர்த்தி, வாயால் சொல்லச் சொல்ல எழுதவைத்து, 26 நாளில் ‘சூதாடி’யை முடித்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா?

இதில் சொல்லாமல் விடுகிற பகுதி இரண்டு இருக்கிறது.

ஒன்று, சூதாடியைப் பற்றிய யோசனையை அவர் 1863-இலேயே நண்பருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். சூதாட்ட மேஜையில் தன் பணத்தையும் மற்றவர் பணத்தையும் தொலைத்த அனுபவம் வருஷக்கணக்கில் இருந்தது. எழுதியது 26 நாள். மனதில் கிடந்தது மூன்று வருஷம்.

இரண்டாவதுதான் முக்கியம். அதே மனிதர், அதற்கு முந்தைய வருஷக் கடைசியில், ‘குற்றமும் தண்டனையும்’ நாவலுக்காக எழுதி வைத்திருந்த பெரும் பகுதியை நெருப்பில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கடன்காரர்கள் வாசலில் நிற்கிற நேரத்தில் செய்தார். முதலில் கொலைகாரனே ‘நான்’ என்று கதை சொல்வதாக எழுதிப் பார்த்தார். பிறகு அதை மாற்றி, வெளியே நின்று சொல்கிற ஒரு குரலில் எழுதினார். யார் கதை சொல்கிறார்கள் என்பதையே மாற்றினால் அப்புறம் எந்த வரிதான் பழையபடி இருக்கும்? அதனால்தான் எரித்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆக ஒரே மனிதர் ஒரு வருஷத்துக்குள் ஒரு நாவலை எரித்துவிட்டு எழுதினார், இன்னொன்றை 26 நாளில் சொல்லி முடித்தார். முதலாவதைப் போல இரண்டாவதை உலகம் கொண்டாடவில்லை என்பதும் உண்மை.

நம் காலத்தில் ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி, 2020 ஜூலை வரை மகாபாரதத்தை 26 நாவல்களாக இணையத்தில் தினம் ஓர் அத்தியாயம் என்று எழுதினார். அதைக் காட்டி “பாருங்கள் சார், தினம் எழுதுகிறார்” என்பார்கள். அவர் ‘விஷ்ணுபுரம்’ எழுதி வெளியிட்டது 1997-இல். இடையில் பதினாறு பதினேழு வருஷம் இருக்கிறது. தினமும் மலையேறுகிறவருக்கு மூச்சு வாங்காது. அவரைப் பார்த்து நாம் முதல் நாளே ஓடினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவோம்.

மறுபக்கம் சுந்தர ராமசாமி. ‘ஒரு புளியமரத்தின் கதை’யின் சில பகுதிகள் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் 1950-களின் கடைசியில் வந்தன. புத்தகமாக வந்தது 1966. அடுத்த நாவல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981. மூன்றாவது ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1998. வாழ்நாளில் மூன்றே நாவல்கள். மூன்றும் இன்றும் படிக்கப்படுகின்றன.

நம் பூமணியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெக்கை’ 1982-இல் வந்தது. சில நாட்களில் நடந்து முடிகிற கதை. சின்னப் புத்தகம். அதுதான் பின்னால் ‘அசுரன்’ படமானது. ‘அஞ்ஞாடி’ 2012-இல் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பல தலைமுறைகளின் கதை. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதற்குள் வருகின்றன. பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, ஊர் ஊராகக் கேட்டு எழுதிய நாவல். கழுகுமலை நமக்கு எட்டிப் பார்க்கிற தூரம். அந்த மலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் அடியில் நடந்ததை முழுசாகக் கேட்டு எழுத ஒருவருக்கு வருஷக்கணக்கில் ஆகியிருக்கிறது. ஒரே ஆசிரியர்தான். ஒரு விஷயத்துக்குச் சின்னப் புத்தகம் போதும், இன்னொன்றுக்கு ஆயிரம் பக்கமும் ஆவணமும் வேண்டும். எவ்வளவு நாள் என்பதைக் கையில் இருக்கிற விஷயம்தான் முடிவு செய்கிறது.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

என் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று. ரஃப் நோட்டில் எழுதி, திருத்தி வாங்கி, ஃபேர் நோட்டில் எழுத வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறேன். ஃபேர் நோட்டில் கையெழுத்து அழகாக இருக்கும். ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு இருக்கும். தலைப்புக்கு அடியில் சிவப்பு மை. உள்ளே இருப்பது ரஃப் நோட்டில் இருந்த அதே கட்டுரை. “எங்கள் ஊர்த் திருவிழா” என்று எழுதச் சொன்னால், ரஃப் நோட்டில் “திருவிழா மிகவும் சிறப்பாக நடைபெற்றது” என்று இருக்கும். ஃபேர் நோட்டில் அதே வரி, இன்னும் அழகாக இருக்கும். பலூன் வாங்கக் கேட்டு அடி வாங்கிய கதையை அந்தப் பையன் இடைவேளையில் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருப்பான். அது எந்த நோட்டிலும் வராது.

நாவல் எழுதுகிற பெரியவர்களும் திருத்தம் என்ற பெயரில் பெரும்பாலும் செய்வது இந்த ஃபேர் நோட்டு வேலைதான். ஒற்றுப்பிழை பார்க்கிறார்கள். ‘சொன்னான்’ என்பதை ‘கூறினான்’ என்று மாற்றுகிறார்கள். இன்னும் மோசம், நம் பேச்சை எடுத்துவிட்டுப் பாடப்புத்தகத் தமிழைப் போடுகிறார்கள். கி.ரா. நம் கரிசல் சொற்களைத் தொகுத்து 1982-இலேயே அகராதி போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் கதையில் வருகிற சம்சாரி செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால் அதற்குப் பெயர் திருத்தமா? அது கெடுப்பது. இப்படிப்பட்ட திருத்தத்துக்கு, திருத்தாமல் விட்டதே மேல்.

திருத்தம் என்று நான் சொல்வது வேறு. எழுதியதைத் திரும்பப் படித்து, நாம் எந்த இடத்தில் வேகமாகக் கடந்து போனோம் என்று கண்டுபிடிப்பது. ஏன் அங்கே மட்டும் ஓடினோம் என்று கேட்டுக்கொள்வது. அங்கே திரும்பிப் போய் உட்காருவது.

இதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

என்னிடம் படித்த பெண். இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்பதே நாளில் இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதிக்கொண்டு வந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் கதை. அதனுடைய அம்மாவின் கதைதான். அச்சகத்தில் விலை பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. “பிழை மட்டும் பாத்துக் குடுங்க சார்” என்றது.

படித்தேன். நன்றாக எழுதியிருந்தது. வேகம் இருந்தது. கங்காணியின் அதட்டல், மருந்து வாடை, சனிக்கிழமைக் கூலி, எல்லாம் இருந்தது. ஆனால் அந்தத் தாய் தெய்வம் போல இருந்தாள். ஒரு தப்பு இல்லை, ஒரு கோபம் இல்லை. கங்காணி அசுரன் போல இருந்தான். இருநூறு பக்கம் படித்தும் எனக்கு அந்தத் தாயைத் தெரிந்த மாதிரி இல்லை. அவர்களை எனக்கு நேரில் தெரியும். நாவலில் இருந்தது அவர்கள் இல்லை.

நூற்றுப் பத்தாம் பக்கம் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. அக்காள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறினாள், தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்று. அவ்வளவுதான். அடுத்த பத்தியில் தங்கை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

அக்காவும் என்னிடம் படித்தவள்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்தக் காலத்தில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்துவிட்டது. பஸ் அதற்குப் பிறகும் வந்தது. பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால், வீட்டுக்குப் போய்க் கேட்காமலே எங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். “ஏம்மா, ரெண்டு பிள்ளைகள்ல யாரை அனுப்புறது, யாரைப் படிக்கவைக்கிறதுன்னு ஒரு ராத்திரி முடிவாயிருக்குமே. அந்த ராத்திரி எங்க?” என்று கேட்டேன்.

அது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது: “அதை எழுதுனா அக்கா படிக்கும் சார். அடுத்த தெருவுலதான இருக்கு.”

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, நாற்பது நாளில் ஏன் முடிந்தது என்று. வேகமாக எழுத முடிந்தது திறமையால் மட்டும் இல்லை. கடினமான இடத்தை இரண்டு வரியில் தாண்டியதாலும்தான்.

ஆனால் அதன் தரப்பிலும் நியாயம் இருந்தது. “அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசாகுது சார். புத்தகத்தைக் கையில வாங்கிப் பாக்கணும். நான் ரெண்டு வருஷம் உக்காந்து திருத்துறதுக்குள்ள என்னமும் ஆயிட்டா?” என்றது. இதற்கு என்ன பதில் சொல்வது? திருத்தித் திருத்தி எழுதுங்கள் என்று உபதேசம் செய்கிற யாரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. சில சமயம் அது பெரிய விலை.

யோசித்து ஒரு வழி சொன்னேன். அச்சகத்துக்குப் பொங்கல் வரை பொறுக்கச் சொல். இப்போது இருப்பதை ஒரே ஒரு பிரதி ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அம்மா கையில் கொடு. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் தினம் சாயங்காலம் நீயே படித்துக் காட்டு. கேட்டுவிட்டு அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை ஓரத்தில் குறித்துக்கொள். அம்மா பார்த்த மாதிரியும் ஆயிற்று, திருத்தின மாதிரியும் ஆயிற்று.

பத்து நாள் கழித்து வந்தது. பிரதியின் ஓரம் முழுக்க எழுத்து. அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “நான் என்ன அவ்வளவு நல்லவளா?” என்று சிரித்தார்களாம். கங்காணி பெயர் வரும்போதெல்லாம், “அவன் பாவம், அவனுக்கும் மேல ஒருத்தன் இருந்தான்” என்றார்களாம். மூன்றாம் நாள் அக்காவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. அந்த இரண்டு வரி வந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னதாம்: “என்னைய யாரும் அனுப்பல. நானாத்தான் போறேன்னேன். பஸ்ஸுல பாட்டுப் போடுவாங்க, அதுக்காகத்தான் போனேன்.” உடனே அம்மா சொன்னார்களாம்: “இல்ல, நான்தான் அனுப்பினேன். நீ அழுத.”

இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்தது அப்போதுதான்.

“இதுல எது உண்மைன்னு எழுத சார்?” என்று கேட்டது. இரண்டையும் எழுது என்றேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது. இந்த முறை கதையைத் தங்கை சொல்லவில்லை. அக்கா சொல்கிறாள். தலைப்பு மாறிவிட்டது. பழைய இருநூறு பக்கத்தில் ஐம்பதுகூட மிஞ்சாது என்று நினைக்கிறேன். பொங்கலுக்குள் முடியுமா என்று தெரியவில்லை. எப்படி வரும் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாற்பது நாள் வீண் இல்லை. அதை எழுதியிராவிட்டால் அந்த இரண்டு வரி கிடைத்திருக்காது. அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் இந்த நாவல் இல்லை.

என் பதில் இதுதான். முதல் பிரதி நமக்குத் தெரிந்ததைக் கொட்டி வைக்கிற இடம். நாம் எதைச் சொல்லாமல் ஓடினோம் என்பதை அதைத் திரும்பப் படிக்கும்போதுதான் பார்க்கிறோம். கல்கிக்கும் தஸ்தயேவ்ஸ்கிக்கும் அந்தப் பழக்கம் எழுதும் கையிலேயே சேர்ந்துவிட்டது. முதல் நாவல் எழுதுகிறவருக்கு அது தனி வேலை. அதற்குத் தனி நாள் ஒதுக்க வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த சில நடைமுறை விஷயங்கள்:

முதல் பிரதியை நிறுத்தாமல் எழுதுங்கள். நடுவில் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். பெயர் மறந்தால் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

முடித்ததும் ஒரு மாதமாவது கண்ணில் படாமல் வையுங்கள். எழுதிய கையோடு படித்தால், தாளில் இருப்பது தெரியாது. மனதில் இருப்பதுதான் தெரியும்.

பிறகு ஒரு தாளில் வருஷக் கணக்குப் போடுங்கள். யார் எப்போது பிறந்தார், கல்யாணத்தின்போது என்ன வயசு, எந்தத் தேர்தல், எந்தப் புயல். அந்தப் பெண்ணின் நாவலில் ஒரு குழந்தை மூன்று வருஷமாக நாலாம் வகுப்பிலேயே இருந்தது.

வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் அந்தக் கதை யாருடையதோ அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். கண் மன்னித்துவிடுகிற பொய்யைக் காது மன்னிக்காது.

எங்கே கதை திடீரென்று வேகம் எடுக்கிறது என்று பாருங்கள். “நாட்கள் ஓடின”, “வருடங்கள் உருண்டன” என்று வருகிற இடத்திலெல்லாம் நின்று பாருங்கள். பாதி இடத்தில் அது சரியாகவே இருக்கும். மீதிப் பாதியில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும்.

திருந்தாத அத்தியாயத்தை கம்ப்யூட்டரில் இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அதை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் கையால் புதிதாக எழுதிப் பாருங்கள். பழையதைப் பார்க்காமல் எழுதும்போது வேண்டாதது தானாக உதிர்ந்துவிடும்.

கடைசியாக, திருத்தத்துக்கும் ஒரு தேதி வையுங்கள். களை எடுப்பதற்கும் பருவம் இருக்கிறது. ஒன்றிரண்டு முறை எடுக்கலாம். காய் பிடித்த பிறகும் களைக்கொத்தியோடு நின்றால் செடியைத்தான் கொத்துவோம். தேதி வந்ததும் அச்சுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த நாவலுக்குப் போங்கள். குறை இருக்கத்தான் செய்யும். குறையே இல்லாத நாவலை நான் இதுவரை படித்ததில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது நாவலை முடித்து வைத்திருந்தால் கொண்டுவாருங்கள். மாதத்துக்கு ஒன்று படிக்கிறேன். பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் இடம் விட்டுக் கொண்டுவாருங்கள். செல்போனில் அனுப்பினால் என் கண்ணுக்கு ஆகாது. பிழை நான் பார்க்கமாட்டேன். பென்சில் மட்டும்தான் வைத்திருப்பேன்.

வேகமாக எழுதி நன்றாக வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் கீழே சொல்லுங்கள். என் கருத்துக்கு மாறாக இருந்தாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.